முதியோர் சட்டமும் உயில் வேலையும்: டர்பனில் எப்படித் தொடங்குவது?

சாட்ஸ்வொர்த் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் எல்.எல்.பி. இறுதியாண்டில் படிக்கிறேன். என் பாட்டி நினைவாற்றல் நன்றாக இருந்த காலத்தில் என் மாமாவுக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம், நினைவு தவறிப்போன இன்றைய நிலையில் செல்லாது என்று வங்கியில் கூறிவிட்டார்கள். அதன் பிறகுதான் முதியோருக்கான சட்ட வேலையில் எனக்கு ஈடுபாடு பிறந்தது. இதற்கெனத் தனித் தேர்வு உண்டா? வீட்டிலோ கம்பெனிச் சட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

உயில் வழக்கறிஞர், டர்பன்:
தங்கைக்கு வணக்கம். வங்கி கூறியது சரியே. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் தெளிவை இழந்தால் அதுவும் அன்றோடு செயலிழந்துவிடும் என்பதே தென்னாப்பிரிக்கச் சட்டம். அது மிகவும் தேவைப்படும் வேளையில்தான் உதவாமல் போகிறது. அதன்பின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து கியூரேட்டரை, அதாவது அவருடைய விவகாரங்களைக் கவனிக்கும் பொறுப்பாளரை, நியமிக்கச் செய்ய வேண்டும், அல்லது 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாஸ்டர் எனப்படும் உயர் நீதிமன்ற அதிகாரியிடம் விண்ணப்பித்து நிர்வாகி ஒருவரைப் பெற வேண்டும். இரண்டாவது வழியில் செலவு குறைவு.

அமெரிக்காவில் 'எல்டர் லா' (முதியோர் சட்டம்) தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. இங்கே அப்படி இல்லை. எல்லாரையும் போல ஆர்ட்டிகிள்ஸ் எனும் அலுவலகப் பயிற்சியை முடித்து, தேர்வுகளில் தேறி, அட்டர்னியாக (வழக்கறிஞராக)ப் பதிவு பெற்று, உயில்களையும் எஸ்டேட்களையும் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துகளையும்) கையாளும் அலுவலகத்தில் சேர்ந்தால் துறை தானாக அமையும்.

எஸ்டேட் எழுத்தர் (ஓய்வு), பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டருக்கான விதிமுறைக் கட்டணம் மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம், ஆனால் கணக்கு முடியும் வரை கைக்கு வராது, பொறுமை வேண்டும்.

நம் சமூகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத திருமணங்கள் பல. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி நிலை என்ன என்ற கேள்விக்கு, 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் கோவெண்டர் எதிர் ரகவய்யா வழக்கில், ஒருதார இந்துத் திருமணத்தின் துணையும் வாரிசுச் சட்டத்தில் 'துணை' ஆவார் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த அம்மா திருமணம் நடந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கும். ஓர் உயில் அந்த அலைச்சலைத் தவிர்த்திருக்கும். அதிலும் கவனம் வேண்டும்: சொத்துப் பெறும் மகனின் மனைவியைச் சாட்சியாகக் கையெழுத்திட வைத்தால், பொதுவாக அந்த மகனே தன் பங்கை இழக்க நேரிடும். இந்தத் தவறை நான் எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மாணவி:
மிக்க நன்றி ஐயா, அண்ணா. இந்த வேலைக்குத் தமிழ் உதவுமா?

உயில் வழக்கறிஞர், டர்பன்:
பெரும்பாலானோர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். தாலி, சீர், பங்கு என்று பேச்சு திரும்பும்போது விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்பவரிடம் மனம் திறப்பார்கள், அவ்வளவே. அதைவிட முக்கியமானது, அழைத்து வந்த மகனை முதலில் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெரியவரிடம் தனியாகப் பேசுவது.