கிணறு உப்பாகிவிட்டது, இனி இறைக்கலாமா?

எங்கள் வீடு மட்டக்களப்பு நாவலடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில். போன சனிக்கிழமை இரவு புயல் வலுவிழந்து தாழமுக்கமாகத்தான் எங்கள் கரையோரம் போனது. மழை பெரிதாக இல்லை. ஆனால் கடல் பொங்கி வளவுக்குள் ஏறிவிட்டது. விடியப் பார்த்தால் கிணற்றுக் கட்டின் மேல் நுரையும் பாசியும் கிடந்தன.

கொங்கிரீட் வளையம் வைத்த கிணறு, ஆழம் 12 அடி. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் சவர்க்காரம் நுரைக்கவில்லை, தேத்தண்ணி கரிக்கிறது. கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றினோம், இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது.

ஞாயிறன்று 1 குதிரைவலு மோட்டாரால் அடி தெரிய இறைத்தேன். பின்னேரம் ஊறிய தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை. செவ்வாய் மறுபடி இறைத்தேன், அப்புறம் முன்பைவிட மோசம். குளோரின் தூளும் போட்டுப் பார்த்தேன், அது கிருமிக்குத்தானே, உப்புக்கு இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் இந்தக் கரையில் விடாமல் இறைத்த கிணறுகளில் உப்பு கூடியது. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும், மேலே உள்ளதை எடுக்க எடுக்க அடியில் உள்ளது ஏறிவிடும். அதனால் இப்போது மோட்டாரைப் போடவே பயமாக இருக்கிறது.

குடிக்க பவுசரில் (தண்ணீர் லொறியில்) தண்ணீர் வருகிறது. அம்மாவுக்குப் பிரஷர், சமையலுக்கும் இந்தத் தண்ணீரைத் தொட முடியாது.

இப்படி உப்பான கிணற்றைத் திரும்ப நல்லதாக்கியவர்கள் சொல்லுங்கள்: தொடாமல் மாரி மழைக்கு விடுவதா, தினமும் வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவதா?