கணாதர் அணுவைக் கண்டுபிடித்தாரா? மகளுக்கு என்ன சொல்வது?

யீஷூன்_அப்பா:
மகள் உயர்நிலை மூன்று. வேதியியலில் டால்டனின் அணுக்கொள்கைப் பாடம் ஓடுகிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் அத்தான் ஒரு படம் போட்டார்: ‘டால்டனுக்கு முன்பே நம்ம கணாதர் அணுவைக் கண்டுபிடிச்சிட்டார்’. “நிஜமாப்பா?” என்று கேட்டுவிட்டாள். எனக்கோ பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. தேர்வில் எழுதி வைப்பாளோ என்று வேறு பயம்.

தேக்கா_வாத்தியார்:
தேர்வில் வேண்டாம் தம்பி. ஆனால் கட்டுக்கதை என்றும் தள்ளாதீர்கள்.

கணாதர் பழங்கால இந்தியத் தத்துவ ஞானி, சோதனைக்கூடம் வைத்துப் பார்த்தவரில்லை. உலகில் உள்ளதை வகைபிரித்தவர். பொருள், குணம், செயல், பொதுமை, விசேடம் (தனித்தன்மை), பிரியாத சேர்க்கை என ஆறு. அந்த விசேடத்தால்தான் அவருடைய தத்துவ மரபுக்கு வைசேடிகம் என்று பெயர். நிலம், நீர், தீ, காற்று இந்த நான்குக்கும்தான் அணு, வானுக்குக் கிடையாது. டால்டனின் அணுக்கள் எடையால் வேறுபடும். இவர்களுடையது குணத்தால்: மண்ணுக்கு மணம், நீருக்குச் சுவை.

அணு எதற்கு? வெட்ட வெட்ட முடிவே இல்லையென்றால் மேரு மலைக்கும் கடுகுக்கும் கணக்கற்ற துண்டுகள், இரண்டும் ஒரே அளவாகிவிடும் என்று அந்த மரபினர் வாதாடினார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. இரண்டு அணு சேர்ந்தால் ஓர் இரட்டை, அதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று இரட்டை, அதாவது ஆறு அணு, சேர்ந்தால்தான் தெரியும். எங்கே? சன்னல் வெயிலில் மிதக்கும் தூசியாக!

பொங்கோல்_வாசகி:
வாத்தியார் ஐயா மணிமேகலையை விட்டுவிட்டாரே! 27ஆம் காதையில், வஞ்சி நகரில், கபிலன், அக்கபாதன், சைமினி ஆகிய சமய ஆசிரியர்களோடு கணாதன் பெயரும் வருகிறது. பிறகு வைசேடிகன் ஒருவனே வந்து அந்த ஆறையும் சொல்வான். அத்தான் அதைப் பகிர்ந்திருக்கலாம். வடமொழியில் ‘கணம்’ என்றால் தானிய மணி, அதை உண்டவர் கணாதர். சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்றவராம், கதைதான்.

யீஷூன்_அப்பா:
நன்றி ஐயா, நன்றி அக்கா. சனிக்கிழமை நாலரை மணிக்கு எங்கள் அறையில் மேற்கு வெயில் நேராக விழும். தலையணை உறையை உதறிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதுல ஆறே ஆறா? கோடி கோடியா இருக்கும்பா” என்றாள். சரி, ஆறு தப்பு, ஆனா ஏன் எண்ணவே தோணுச்சு அவருக்கு என்றேன். பதில் இல்லை, ஏசி போடணும், சன்னலைச் சாத்துங்க என்றாள். இரவு அவளே மேரு, கடுகு கதையைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தானுக்குத்தான் இன்னும் பதில் போடவில்லை.