வைப்பர் தண்ணீர் கண்ணாடிக்கு வராமல் ரோட்டுக்குப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

மதுராந்தகம்_வழி:
சின்ன விஷயம்தான், ஆனால் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மேல்மருவத்தூர் தாண்டி ராத்திரி நேரம், மழை ஓய்ந்த ரோடு, முன்னால் ஒரு எம்-சாண்ட் லாரி. அது பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சேற்றுத் தண்ணீர் மொத்தமும் என் கண்ணாடியில். லீவரை இழுத்தால் மோட்டார் உர்ரென்று கத்துகிறது, ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் மட்டும் ஒரே இழுப்பில் சேற்றைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. எதிர்ப்பக்க வெளிச்சம் பட்டதும் மஞ்சள் படலம், அவ்வளவுதான், ரோடே இல்லை. பின்சீட்டிலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, ரோடு தெரியுதா?" "தெரியுது அத்தை" என்றேன். காலையில் பார்த்தால் பானெட் கீல் பக்கம், தண்ணீர் போகும் டியூப் மடங்குகிற இடத்தில் கீறல். டேப் சுற்றி ஓட்டுகிறேன்.

காரைக்குடி_டீசல்:
எனக்கு எலி. மெக்கானிக் பார்த்தவுடனே மோட்டார் போச்சு என்றார், புதுசு மாட்டியும் தண்ணீர் வரவில்லை. அடுத்து டேங்க்கையும் மாற்றச் சொன்னார். சந்தேகப்பட்டு நானே பானெட்டைத் தூக்கினேன். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டையைக் கிழித்து பேட்டரி மேல் கூடு, பக்கத்தில் என் டியூப் துண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் பல் தடம். அந்தக் கூட்டை அப்படியே அள்ளிக்கொண்டு போய் அவர் மேஜை மேல் வைத்தேன். மோட்டார் காசு திரும்ப வரவில்லை.

கோவை_ஒர்க்‌ஷாப்_பக்கம்:
முதலில் எழுதியவருக்கு: டேப் நிற்காது. ஈரத்தில் பசை விட்டுவிடும், லீவரை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளிருந்து அழுத்தம் தள்ளும். சூப்பர் குளூவும் அதே கதைதான், வளைகிற டியூபில் காய்ந்ததும் வெடித்துவிடும். என் அனுபவம் ரொம்பச் சின்னது, பர்லியார் ஏற்றத்தில் டியூப், தண்ணீர் பீச்சும் நாசிலை விட்டுக் கழன்றது, திரும்பச் சொருகினேன், முடிந்தது.

ஆனால் செய்கிறவர்கள் சரியாகச் செய்யுங்கள். வண்டி சும்மா நிற்கும்போதே கீழே சொட்டினால் பெரும்பாலும் டேங்க் விரிசல், இல்லையென்றால் மோட்டார் உட்காரும் ரப்பர் புஷ். லீவரை இழுத்தால் மட்டும் ஒழுகினால் டியூப் அல்லது அது இரண்டாகப் பிரியும் டி ஜாயின்ட். ஒருவர் உள்ளே உட்கார்ந்து இழுக்கட்டும், இன்னொருவர் பானெட்டைத் திறந்து பார்க்கட்டும். கீறல் உள்ள துண்டை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் இரண்டு முனைகளையும் இணைக்க ஒரு ஜாயினர் போடுங்கள். சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடையில் 4 எம்எம் மைக்ரோ டியூப் ஜாயினர் சில ரூபாய்க்குக் கிடைக்கும், நிறைய வண்டிகளுக்கு அது சேரும், இருந்தாலும் வெட்டிய துண்டைக் கையோடு எடுத்துப் போய் அளவு பாருங்கள். டியூப் முனையை வெந்நீரில் முக்கினால் இளகி ஏறும். கீல் பக்கம் கொஞ்சம் தளர்வு விடுங்கள், இல்லையென்றால் அடுத்த கீறலும் அங்கேதான் விழும். பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றாதீர்கள், நுரைக்கும். உப்புத் தண்ணீரும் வேண்டாம், நாசில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும். டேங்க் காலியாக இருக்கும்போது மோட்டாரை ஓட்டாதீர்கள். மீன் தொட்டி டியூபும் வேண்டாம், பானெட் சூட்டில் விறைத்து வெடிக்கும்.

சேலம்_ஜங்ஷன்:
மீன் தொட்டி டியூபை ஏன் சார் திட்டுகிறீர்கள்? என் வண்டியில் அதுதான், இரண்டு கோடை பார்த்துவிட்டது. சேலம் வெயிலைவிடவா உங்கள் பானெட் சூடு?

கோவை_ஒர்க்‌ஷாப்_பக்கம்:
வெயில் வேறு, என்ஜின் சூடு வேறு. உங்கள் டியூபை இப்போது விரலால் மடக்கிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

டொரோண்டோ_தம்பி:
இங்கே எலி இல்லாமலேயே வெடிக்கும். பழைய வண்டி வாங்கினேன், விற்றவர் டேங்கில் வெறும் தண்ணீரை விட்டிருந்தார். முதல் உறைபனியிலேயே பனிக்கட்டியாகிப் பருத்து டி ஜாயின்டைப் பிளந்துவிட்டது. நெடுஞ்சாலை 401-இல் முன்னால் போகும் டிரக், பனி கரைய ரோட்டில் தூவிய உப்புக்கூழை வாரி அடிக்கிறது, நிமிடத்தில் கண்ணாடி வெள்ளைச் சுவர். ஓரம் கட்டி, கையிலிருந்த காபியை ஊற்றித் துடைத்தேன். பால் போட்ட காபி. இப்போது -40 வரை உறையாத நீலத் திரவம் மட்டும்தான்.

திருச்சி_ஹேட்ச்பேக்:
எல்லோரும் முன்கண்ணாடியையே பேசுகிறீர்கள். பின்பக்கமும் வைப்பர் உள்ள வண்டியில் டியூப் கூரைக்குள் ஓடும், அது விட்டால் தண்ணீர் வெளியே வராது, உள்ளேதான் இறங்கும். என் மகள் "அப்பா, வண்டிக்குள்ள மழை" என்றபோது நான் சிரித்தேன், மேல் துணியைத் தொட்டால் கை நனைந்தது. டிக்கி கதவுக் கீல் பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை (பெல்லோஸ்) இருக்கும், அதற்குள் டியூப் விட்டுப்போயிருந்தது. துணியில் கறை இன்னும் அப்படியே இருக்கிறது, எதைப் போட்டாலும் போகவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், டியூபைப் பற்றி வேண்டாம், கறையைப் பற்றி மட்டும்.