யுகேஜி பிள்ளைகளுக்குச் சமூக அறிவியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: யுகேஜி ஆசிரியை, மண்டபம் (இராமநாதபுரம் மாவட்டம்)
வணக்கம். 'நமக்கு உதவுவோர்' பாடத்துக்கான படத்தாளில் மருத்துவரும் காவலரும் தபால்காரரும் இருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலோ கடலுக்குப் போகிறவர்களும், கிழிந்த வலையைப் பொத்துகிறவர்களும், கருவாடு காயவைக்கிறவர்களும், கடற்பாசி எடுக்கிற அம்மாக்களும்தான் இருக்கிறார்கள். படத்தைக் காட்டினால் பெயர்களைச் சரியாக ஒப்பிக்கிற பிள்ளைகள், "உங்கள் வீட்டில் உள்ளவர்கள் யாருக்கு உதவுகிறார்கள்?" என்று கேட்டால் பேசாமல் நிற்கிறார்கள். அந்த மௌனம் என்னை உறுத்துகிறது. வேறு வழி உண்டா?

பதில்: அங்கன்வாடிப் பணியாளர், தேவிபட்டினம்
ஒரு சாளை மீனிலிருந்து தொடங்குங்கள், டீச்சர். "இது நம் சட்டிக்கு எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். படகில் போனவர், ஐஸ் உடைத்துக் கொடுத்தவர், கரையில் ஏலம் கூறியவர், கூடையில் சுமந்துவந்து விற்ற அம்மா என்று பிள்ளைகளே ஒவ்வொருவராகச் சொல்வார்கள். சொல்கிற பிள்ளையின் கையில் ஒரே வலைக்கயிற்றைப் பிடிக்கக் கொடுத்து, இறுதியில் ஒருவரை மட்டும் விடச் சொன்னால் கயிறு தொய்ந்துபோகும். ஒருவர் வேலை நின்றால் மற்றவர் வேலையும் தடைப்படும் என்பதை நான் இப்படித்தான் புரியவைத்தேன்.

பதில்: ஒரு மாணவியின் தந்தை, பாம்பன்
திசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நாங்கள் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வோம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் நேர்மாறு. இது எங்கள் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் தடைக்காலத்தையும் பேசலாம். மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக ஊரே ஒரு விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, இராமேசுவரம்
மேலே சொன்னவை அனைத்தும் நல்லவை. ஆனால் "அப்பாவை வகுப்புக்கு அழைத்துவா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் பிள்ளையும், இலங்கைச் சிறையில் இருப்பவரின் பிள்ளையும் உங்கள் முன் அமர்ந்திருக்கலாம்; "வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்பதே போதும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றிச் சொன்னாலும், அங்கே ரயில் வந்துபோன ஓர் ஊர் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாவுக்கணக்கு இந்த வயதுக்கு வேண்டாம். படத்தாளைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு வெற்றுத்தாளை ஒட்டி, தங்கள் வீட்டு மனிதர்களைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமை சாளை மீனோடு வகுப்புக்குப் போகிறேன்.