வீராணம் முதல் அரிச்சல்முனை வரை: வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்ட பைக் திட்டம்

[இரவு 8:04] நான்: எல்லாருக்கும் வணக்கம். தை கடைசியில தாம்பரத்துல இருந்து தனுஷ்கோடிக்கு பைக்ல போறோம். நான் ஸ்ப்ளெண்டர்ல தனியா, அண்ணனும் அண்ணியும் கிளாசிக் 350ல. வழியில வேடந்தாங்கல், வீராணம், பிச்சாவரம், தரங்கம்பாடி, கோடியக்கரை, மனோரா பார்க்கணும். போக 3 நாள், திரும்ப 1 நாள். மேப்ல போட்டுப் பார்த்தேன், சரியா வருது.

[8:09] நாகை அக்கா: வராதுடா. மேப் சொல்ற நேரம் ரோடு காலியா இருந்தா. தை கடைசியில இங்க சம்பா அறுப்பு. ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயும், மீதிப் பாதியிலதான் பஸ்ஸும் நீயும் போகணும்.

[8:10] நாகை அக்கா: நெல்லுக்கு மேல யாரும் ஏத்திடக் கூடாதுன்னு ஓரமா செங்கல்லு, கருங்கல்லு வரிசையா வச்சிருப்பாங்க. பகல்ல தெரியும். இருட்டிட்டா நெல்லை அள்ளிட்டுப் போயிருப்பாங்க, கல்லு மட்டும் அப்படியே கிடக்கும். அதனால டெல்டாவுல பொழுது சாஞ்ச பிறகு ஓட்டவே வேண்டாம்.

[8:12] அண்ணன்: நெல்லு மேல ஏறிட்டா என்ன பண்றது அக்கா?

[8:14] நாகை அக்கா: பிரேக்கைத் தொடாதே, ஹேண்டிலைத் திருப்பாதே, ஆக்சிலேட்டரை மெதுவா விட்டு நேராப் போயிடு. குண்டுமணியைக் கொட்டி வச்ச மாதிரி டயருக்கு அடியில உருளும். வைக்கோல் பரப்பியிருந்தா அதுல நிறுத்தவும் கூடாது. சூடான சைலன்சர்ல காய்ஞ்ச வைக்கோல் ஒட்டினா பத்திக்கும். அறுப்பு மிஷின் வயலை விட்டு ஏறுற இடத்துல ஈரக் களிமண் கட்டி கட்டியா விழுந்து கிடக்கும், அதுவும் வழுக்கும்.

[8:15] சீர்காழி சித்தப்பா: அவ சொல்றது சரி. காலையிலயும் 5 மணிக்குக் கிளம்பற வேலை வேண்டாம். தைப்பனி தரையைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ஏழரை எட்டு வரைக்கும் வயல் மேல பனி அப்படியே நிக்கும், ஹெல்மெட் கண்ணாடியில நீர் கோத்து எதிர்ல வர்றது தெரியாது. காலை எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைதான் வண்டி. அதுல சாப்பாடு, பார்க்கிற நேரம் போக மிஞ்சறதுதான் ஓட்டற நேரம். கிலோமீட்டரை அதுக்கு ஏத்த மாதிரி பிரி.

[8:21] நான்: அப்ப எத்தனை நாள் வைக்கலாம் சித்தப்பா?

[8:26] சீர்காழி சித்தப்பா: மொத்தம் 6. முதல் நாள் மட்டும் விடிஞ்சதும் கிளம்பு, தாம்பரம் நெரிசலைத் தாண்டணும். படாளம் கூட்ரோட்டுல திரும்பினா வேடந்தாங்கல். அங்க ஒரு மணி நேரம். அப்புறம் மதுராந்தகம் வழியா விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு. நாலரைக்கு சேத்தியாத்தோப்புல இரு. வீராணம் கரை ஏரிக்குக் கிழக்கால இருக்கு. அப்ப தெற்கே போகும்போது தண்ணி வலது கைப்பக்கம், சூரியனும் அந்தத் தண்ணிக்கு மேல. லால்பேட்டை வரைக்கும் சுமார் 16 கி.மீ. இப்படியே வரும். சோழர் வெட்டின ஏரி, மெட்ராஸுக்குத் தண்ணி இங்க இருந்துதான் போகுது. கரை ரோடு குறுகல், ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளத்துல வயல். பஸ் வந்தா ஒதுங்கி நின்னு விடு. காட்டுமன்னார்கோவில்ல இருந்து சிதம்பரம் அரை மணி, முக்கால் மணி. ராத்திரி அங்க தங்கல்.

[8:28] சீர்காழி சித்தப்பா: அன்னைக்கு மட்டும் 250 கி.மீ. தாண்டும். பாதிக்கு மேல நாலு வழிச் சாலைங்கறதால பரவாயில்லை.

[8:31] நாகை அக்கா: ரெண்டாம் நாள் காலையில பிச்சாவரம் போட். வெயில் ஏறறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. அப்புறம் சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி. டேன்ஸ்போர்க் கோட்டை 1620ல டேனிஷ்காரங்க கட்டினது, கடலை ஒட்டியே இருக்கும். வண்டியை மணல்ல இறக்காம வாசல் பக்கமே நிறுத்துங்க. காரைக்கால்ல பெட்ரோல் போட்டுக்கோ, புதுச்சேரி ரேட்டு, நம்ம பக்கத்தை விட கம்மி. நாகூர், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணியில தங்குங்க. ரூம் தாராளமா கிடைக்கும்.

[8:33] அண்ணி: நான் பின்னாடி உட்கார்ந்து வரப் போறவ. எனக்குன்னு எதாச்சும் சொல்லுங்க.

[8:38] சீர்காழி சித்தப்பா: முதல்ல துப்பட்டா வேண்டாம்மா. செயின்லயோ சக்கரத்துலயோ நுனி மாட்டினா சுண்டி இழுத்துடும். கழுத்துக்கு மூடின ஜாக்கெட் போட்டுக்கோ. முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கணும், ஓட்டறவன் வேண்டாம்னாலும் நீ நிறுத்தச் சொல்லு. ரெண்டாவது மூட்டை. எல்லாரும் பின்னாடி கேரியர்ல மலை மாதிரி கட்டுவாங்க. பாரம் பின் அச்சுக்கு அந்தாண்ட போனா முன் சக்கரம் லேசாகி 70லயே ஹேண்டில் நடுங்கும். கனமான சாமான் பக்கவாட்டுப் பையில, அடியில. டூல்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் அங்கதான். துணி மட்டும் மேல. வலது பக்கம் சைலன்சர்ல இருந்து நாலு விரல்கடை தள்ளி பை தொங்கணும். எலாஸ்டிக் கயிறை மட்டும் நம்பாதீங்க, பட்டைக் கயிறால இறுக்கிட்டு மிச்ச நுனியை முடிஞ்சு உள்ள செருகிடுங்க.

[8:40] அண்ணி: சரிங்க மாமா.

[8:47] ராம்நாடு மாமா: இப்பதான் பார்த்தேன். மாப்ள, தேதி வைக்கும்போது தை அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரம் வராத மாதிரி பார்த்துக்க. ரூம் கிடைக்காது, பாம்பன்ல இருந்தே வண்டி நகராது.

[8:48] நான்: சரிங்க மாமா, காலண்டர் பார்த்துடறேன். மூணாம் நாள் வேளாங்கண்ணியில இருந்து வேதாரண்யம், கோடியக்கரை, திரும்பி திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். ராத்திரி பட்டுக்கோட்டை. நாலாம் நாள் மனோரா, கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராம்நாடு, ராமேஸ்வரம். சரியா வருமா?

[8:52] நாகை அக்கா: மூணாம் நாள் கோடியக்கரையை முதல்ல முடி. வேதாரண்யம் தாண்டினா அகஸ்தியம்பள்ளி, 1930ல ராஜாஜி உப்பெடுத்த இடம், ரெண்டு பக்கமும் உப்பளம். உப்பு லாரி பின்னாடி ஒட்டிப் போகாதே, சொட்டற உப்புத் தண்ணி வண்டி மேல தெளிச்சுட்டே வரும். கோடியக்கரைப் பக்கம் வெளிமான், காட்டுப்பன்றி, மட்டக்குதிரை எல்லாம் பொழுது சாஞ்சா ரோட்டுக்கு வரும். பூநாரை இருந்தா உன் அதிர்ஷ்டம். அங்க இருந்து 11 மணிக்கு மேல கிளம்பினாலும் வெளிச்சத்துலயே பட்டுக்கோட்டை வந்துடலாம்.

[8:58] ராம்நாடு மாமா: நாலாம் நாள் சுமார் 200 கி.மீ. வரும். மனோராவுல அரை மணி போதும். கடலோரம் எட்டு அடுக்கு கோபுரம், சரபோஜி கட்டினது. தொண்டி தாண்டினதும் முக்கியமான விஷயம் ஒண்ணு: போன் பேச, போட்டோ எடுக்கன்னு தார் ரோட்டை விட்டு வண்டியைக் கீழ இறக்காதீங்க. எங்க பக்கம் பூரா வேலிக்கருவை. ஒடிச்சுப் போட்ட முள்ளு மண்ணுல கிடக்கிறது கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். கடை முன்னாடி, பஸ் ஸ்டாப் சிமெண்ட் தரை பார்த்து நிறுத்துங்க.

[9:01] அண்ணன்: என்னோடது ஸ்போக் வீல், ட்யூப் டயர். தம்பியோடது ட்யூப்லெஸ்.

[9:06] சீர்காழி சித்தப்பா: அப்ப உனக்குத்தான் வேலை. பின்னாடி 120/80-18, முன்னாடி 100/90-19. ரெண்டு அளவுலயும் ஒவ்வொரு புது ட்யூப் வாங்கி வச்சுக்கோ. சின்ன ஊர்ல பஞ்சர் ஒட்ட ஆள் இருப்பாங்க, ஆனா ட்யூப் 100 சிசி வண்டிக்கு உள்ளதுதான் வச்சிருப்பாங்க. முள்ளு குத்தினதை ஒட்டிடலாம், காத்து இறங்கினது தெரியாம ஓட்டி வால்வு கிட்ட கிழிஞ்சா ஒட்ட முடியாது. தம்பிக்கு பஞ்சர் ஸ்ட்ரிப் 5, குத்தூசி, சின்ன பம்பு போதும். காத்து தினமும் காலையில, டயர் சூடாகறதுக்கு முன்னாடி பார்க்கணும். அளவு வண்டியிலயே ஸ்டிக்கர்ல இருக்கும். ரெண்டு பேர் போற அளவு தனியாப் போட்டிருக்கும், நீ அதைத்தான் பார்க்கணும்.

[9:08] நான்: செயின் பத்தியும் சொல்லுங்க சித்தப்பா.

[9:17] சீர்காழி சித்தப்பா: கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பாரு, அன்னைக்குக் காலையில இல்லை. சென்டர் ஸ்டாண்டுல போட்டு சக்கரத்தைச் சுத்திக்கிட்டே செயினைத் தூக்கிப் பாரு. ஒரு இடத்துல இறுக்கமாவும் இன்னொரு இடத்துல தளர்வாவும் இருந்தா செயின் ஒரே சீரா நீளலைன்னு அர்த்தம், செட்டா மாத்திடு. நல்லா இருந்தா, இறுக்கமான இடத்துல உங்க வண்டிக்கு சுமார் 25 மி.மீ. ஆட்டம் இருக்கணும். ஆள் ஏறி மூட்டையும் ஏறினா பின்பக்கம் அமுங்கி செயின் இன்னும் இறுகும். இப்பவே விறைப்பா வச்சிட்டா கியர்பாக்ஸ் பேரிங் போயிடும். ரெண்டு பக்கமும் கோடு சமமா இருக்கான்னு பார்த்து அச்சு நட்டை முடுக்கு. சக்கரம் பின்னாடி நகர்ந்திருக்கும், அதனால ஸ்ப்ளெண்டர்ல பின் பிரேக்கையும் சரி பண்ணணும்.

[9:19] சீர்காழி சித்தப்பா: கடலோரத்துல செயினுக்கு கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவாதே. மணல் ஒட்டி அரம் மாதிரி ஆகிடும், செயின் ஓடற பல்சக்கரத்தையெல்லாம் தேய்ச்சிடும். சாயங்காலம் வண்டி நிறுத்தின சூட்டுல செயினுக்குன்னு விக்கற ஸ்ப்ரே எண்ணெயை உள்பக்கமா அடிச்சு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கத்தைத் துணியால துடைச்சிடு.

[9:22] ராம்நாடு மாமா: பாம்பன் பாலம் ரெண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. காத்து பக்கவாட்டுல தள்ளும். மூணாவது கியர்ல 40. முழங்கையை விறைப்பா வைக்காதே, லூசா விடு. பஸ் பக்கத்துல போகும்போது காத்து நின்னுடும், அது தாண்டினதும் பளார்னு அடிக்கும். காத்து நிக்கறப்ப நீயே காத்துப் பக்கம் சாய்ஞ்சு பழகியிருந்தா பஸ் பக்கம் போயிடுவே. முன்கூட்டியே வேகத்தைக் குறைச்சு பின்னாடி நின்னுக்க. இணைப்பு இரும்பு மேல பிரேக் போடாதே. போட்டோவுக்கு நடுவுல நிறுத்தாதே.

[9:24] ராம்நாடு மாமா: தனுஷ்கோடி அஞ்சாம் நாள் காலையில. சாயங்காலம் உள்ள விட மாட்டாங்க. 1964 புயல்ல போன ஊர் அது, இடிஞ்ச சர்ச்சு அப்படியே நிக்குது. அதுக்கு அந்தாண்ட அரிச்சல்முனை வரைக்கும் 2017ல திறந்த ரோடு, ரெண்டு பக்கமும் கடல். காத்து மணலை அள்ளி ரோட்டு மேல போட்டிருக்கும். முன் பிரேக் வேண்டாம், நேரா மெதுவா. சைடு ஸ்டாண்டு மணல்ல புதைஞ்சு வண்டி சாயும். ஒரு தகர மூடி கொண்டு வாங்க, கீழ வைக்க.

[9:26] அண்ணன்: உப்புக் காத்துக்கு வண்டியைக் கழுவணுமா மாமா?

[9:30] சீர்காழி சித்தப்பா: நான் சொல்றேன். அன்னைக்கே, ஊத்தற நல்ல தண்ணியில. பக்கெட்டும் மக்கும் போதும். பிரஷர் வாஷ் போட்டா சக்கர பேரிங்குக்குள்ள உப்புத் தண்ணியைத் தள்ளிடும். ஸ்போக், செயின், டிஸ்க், சைலன்சர் மூட்டு இதெல்லாம் நல்லா நனையணும். அப்புறம் நூறு மீட்டர் ஓட்டி பிரேக் ரெண்டு தடவை பிடிச்சு காய வை, செயினுக்கு மறுபடி ஸ்ப்ரே. பேட்டரி முனைக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே பெட்ரோலியம் ஜெல்லி தடவிடு.

[9:33] ராம்நாடு மாமா: கழுவிட்டு மத்தியானம் கிளம்பி ராம்நாடு, ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை, காரைக்குடி. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைப் பார்க்காமப் போகாத. நாரை பறக்க முடியாத 48 மடைக் கண்மாய்னு சொல்றது அதைத்தான். தையில தண்ணி இருக்கும். ராத்திரி காரைக்குடி. ஆறாம் நாள் திருச்சி வழியா தாம்பரம், சுமார் 400 கி.மீ., பெரும்பாலும் நாலு வழிதான்.

[9:35] நான்: பெட்ரோல்? என் டேங்க் 9.8 லிட்டர், அண்ணனுக்கு 13.

[9:39] சீர்காழி சித்தப்பா: தூரத்துக்கு அது போதும். ஆனா பாதி வந்ததும் நிரப்பு, ரிசர்வ் வரைக்கும் விடாதே. ரெண்டும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி, பம்பு டேங்க்குக்குள்ள பெட்ரோல்ல மூழ்கித்தான் குளிரும். மழை பெஞ்ச மறுநாள் கூட்டமில்லாத பங்க்ல போடாதே. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, தண்ணி சேர்ந்தா அதுல கலந்து அடியில தங்கிடும், வண்டி திணறும்.

[9:41] சீர்காழி சித்தப்பா: கிளட்ச் கேபிளை மறந்துட்டேன். தம்பி, லீவரை அமுக்கிப் பிடிச்சுட்டு முனையில இருக்கிற குண்டு கிட்ட டார்ச் அடிச்சுப் பாரு. போட்டோ எடுத்துப் போடு.

[9:52] நான்: 📷 புகைப்படம்

[9:53] நான்: குண்டு பக்கத்துல மூணு இழை பிரிஞ்சு முள்ளு மாதிரி நீட்டிட்டு இருக்கு சித்தப்பா.

[9:55] சீர்காழி சித்தப்பா: அது மீமிசல் வரைக்கும் கூட வராது. நாளைக்கே ரெண்டு வாங்கு. ஒண்ணை மாட்டு. இன்னொண்ணை அதே வழியில பக்கத்துலயே ஓட்டி, ரெண்டு முனையையும் பாலிதீன் சுத்தி டேக் போட்டுக் கட்டிடு. வழியில அறுந்தா டேங்க் கழட்ட வேண்டாம், முனையை மட்டும் மாத்தி மாட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம். அண்ணன் வண்டியோடதையும் இப்பவே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு.