செவலை முதுகு கொடுத்த நாள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் செவலையை வாங்கினேன். மார்வாரி இனத்துப் பெட்டைக் குதிரை. இரண்டு காதுகளும் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. “மூன்று வயது முடிந்துவிட்டது, நாளைக்கே ஏறலாம்” என்றார் விற்றவர். ஊருக்கு வந்ததும் கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்களில் நடு இணை மட்டும்தான் பால்பல் விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் வயது இரண்டரை. அடுத்த இணை மூன்றரையிலும் ஓரத்து இணை நாலரையிலும் மாறும். முதுகெலும்பு முழுதாக முற்றுவதற்கோ ஐந்தரை வயதாகும் என்றார். நான்கு வயது வரை ஏறுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

இந்தப் பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை. இதற்கு முன் ஓர் ஆண் குட்டியை வளர்த்தேன். வாங்கிய எட்டாம் நாளே சேணத்தைக் கட்டி ஏறினேன். தூக்கி எறிந்தது, காறை எலும்பு முறிந்தது. எனக்குச் சில வாரங்களில் குணமாகிவிட்டது. அந்தக் குதிரை மட்டும் அதற்குப் பிறகு சேணத்தைக் கண்டாலே சுவரோடு ஒட்டி நின்று நடுங்கும். கடைசிவரை அந்தப் பயத்தை என்னால் எடுக்க முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

செவலைக்காக நான் தேடிப் போனது பழனியில் ஜட்கா வண்டி ஓட்டிய ஒரு பெரியவரை. அவர் முதல் நாள் சொன்னது இது: “தம்பி, நீங்கள் கயிற்றை இழுக்கும்போது அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. விடும்போதுதான் கற்றுக்கொள்கிறது.”

அதன் பொருள் கைக்குப் புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. விலாவின் பின்பக்கத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினால் குதிரை விலகாது, நம் பக்கமே சாயும். அது குதிரையின் இயல்பு. அழுத்தத்தைக் கூட்டவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அப்படியே நிற்க வேண்டும். பின்னங்கால் அரை அடி விலகிய அந்த நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் பதினொரு நிமிடம் ஆயிற்று. நான்காம் நாள் விரல் ரோமத்தில் பட்டதுமே நகர்ந்தது. நிற்பது, திரும்புவது, பின்வாங்குவது என்று பிறகு கற்பித்த எல்லாமே இதே வழியில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. இடப்பக்கம் பார்த்துப் பழகிய பொருளையே வலப்பக்கம் கண்டால் புதிதுபோல மிரளலாம். பிளாஸ்டிக் சாக்கை இடப்பக்கம் முகர்ந்து பார்த்து அலட்சியமாக நின்ற செவலை, அதே சாக்கை வலப்பக்கம் கொண்டுபோனதும் எகிறியது. அதனால் எந்தப் பாடமும் இரண்டு முறை.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் நீள வாரில் ஓட்டியதுதான். இரண்டு நீள வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னால், சற்று ஒதுங்கி நடந்துபோவேன். நேர் பின்னால் நின்றால் அதன் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம். மினி பஸ், ஆட்டுக்கூட்டம், காற்றில் படபடக்கும் தார்ப்பாய் என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு மாதம் அது முன்னால் நின்று சந்தித்தது. கடிவாளத்தின் சொல் அதற்கு அங்கேதான் புரிந்தது.

சேணம் பழக்கியது சுருக்கமான கதை. வயிற்று வாரை ஒரு துளை இறுக்கி நடக்கவிட்டு, பிறகு அடுத்த துளை. அடுத்து மணல் மூட்டை. அதற்கடுத்து நானே குறுக்கே வயிறு பதியப் படுத்து இறங்குவது.

ஏறிய நாள் ஒரு மாசி மாத அதிகாலை. செவலையின் எடை 350 கிலோவை ஒட்டி இருந்தது. நானும் சேணமும் சேர்ந்து 68. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் அதையும் நிறுத்துப் பார்த்தேன். பெரியவர் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தார். அங்கவடியில் காலை ஊன்றி ஏறி அமர்ந்ததும் எனக்குக் கீழே முதுகு விறைத்தது. மூச்சே இல்லை. “நீங்கள் முதலில் மூச்சை விடுங்கள் தம்பி” என்றார். நானும் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். செவலையும் மூக்கு அதிர நீளமாக விட்டது. கழுத்து தாழ்ந்தது. இடப்பக்கம் நான்கு அடி, நின்றது, வலப்பக்கம் நான்கு அடி. இறங்கிவிட்டேன்.

“இதற்கா ஒன்றரை வருடம்?” என்று கேட்டார் வாசலில் நின்ற அம்மா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை, கண் கலங்கியிருந்தது.

இப்போது செவலைக்கு ஐந்தரை வயது. மார்வாரிகளுக்கு இயல்பாக வரும் ‘ரேவால்’ என்ற சீரான நடையில் வாய்க்கால் கரையில் போகும்போது உடம்பு அலுங்குவதில்லை. வலப்பக்கம் தார்ப்பாய் படபடத்தால் மட்டும் இன்னும் நின்று, காதுகளைத் திருப்பிக் கேட்கிறது. நான் வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் அதுவே நடக்கிறது.