மலக்குடல் புற்றுநோய்: பில் ஹீல்டின் ஆய்வு எதை மாற்றியது?

கேள்வி: அறுவை மருத்துவர் ஹீல்ட் 1982-இல் எழுதிய டிஎம்இ முறையில் (மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையை முழுதாக அகற்றுவது) அப்படி என்ன புதுசு? கட்டிக்குக் கீழே இடைவெளி விட்டு வெட்டுவது முன்பே இருந்ததே?

பதில் 1: கோளாறு கீழே இல்லை, பக்கவாட்டில். கையை உள்ளே விட்டு மலக்குடலைப் பிரித்தெடுக்கும்போது அதைச் சுற்றிய கொழுப்புறை, அதாவது மீசோரெக்டம், கிழியும். புற்றேறிய நிணநீர்க் கணுக்கள் இடுப்புக்குழியிலேயே தங்கும். நோய் அங்கேயே திரும்பும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் ஹீல்ட் வலியுறுத்தியது, கண்ணால் பார்த்தபடி கூர்மையான கருவியால் ரத்தமில்லாத தளத்தில் பிரித்து, உறை கிழியாமல் எடுப்பது. அந்தத் தளம் தவறி வெளியே போனால் நரம்பு அடிபடும். சிறுநீர், பாலுறவுச் சிக்கல் வரும்.

பதில் 2: ஒரு திருத்தம். மேல் மலக்குடல் கட்டிக்கு முழு உறையும் வேண்டாம், கட்டிக்குக் கீழே 5 செ.மீ. போதும். ஆனால் நேர்குறுக்காக வெட்டணும். கூம்பாகச் சரித்தால் கணுக்கள் தப்பிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பதில் 3: நோய்க்குறியியல் நிபுணர் ஃபில் குவர்க்கை விட்டுவிட்டீர்களே! 1986-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் அவர் குழு அகற்றிய உறுப்பைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டிச் சுற்று விளிம்பை, அதாவது அதன் பக்கவாட்டு வெட்டுப் பரப்பை, ஆராய்ந்தது. இன்று விளிம்புக்கு 1 மி.மீ.க்குள் புற்று இருந்தால் விளிம்பு பாதிப்பு என்றே கணக்கு. துண்டு போடுமுன் அகற்றிய உறுப்பின் முன்புறம், பின்புறம் படம் எடுத்துவிடுங்கள். பிறகு உறையின் தரத்தை மதிப்பிட முடியாது.